ஆயில் பைப்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய டர்போ மாட்டுவது பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். படமெல்லாம் பிரமாதம். கட்டுரையில் குதிரைத்திறன் என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று என் கடைப் பையன் வேலை இல்லாத நேரத்தில் எண்ணிப் பார்த்தான், 14 தடவை. ஆயில் என்ற சொல் ஒரு தடவை கூட இல்லை. நான் தண்டையார்பேட்டையில் 28 வருஷமாக டர்போ ரீகண்டிஷன் செய்கிறவன். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு பேர் கடைக்கு வந்து "அண்ணே, பெரிய டர்போ போட்டா எவ்வளவு ஆகும்" என்று கேட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. டர்போவை ரேஸ் கார் சமாச்சாரம் என்று ஆரம்பித்திருந்தீர்கள். எங்கள் பக்கம் வந்து பார்த்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கிறதே, அந்த ட்ரெய்லர் ஒவ்வொன்றிலும் டர்போ இருக்கிறது. உள்ளே நிற்கிற கப்பலிலும் இருக்கிறது, அதில் ஒரு ஆளே உள்ளே போய் உட்காரலாம், அவ்வளவு பெரியது. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். காருக்கு இது வந்தது 1962-ல், அமெரிக்காவில். வீணாகப் போகிற புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது, அவ்வளவுதான் டர்போ. எனக்குச் சோறு போட்டதெல்லாம் லாரி டர்போதான். கார் எப்போதாவது வரும்.

அப்படி வந்த ஒரு கார் என் அக்கா பையனுடையது. திருவொற்றியூரில் இருக்கிறான், நல்ல வேலை. ரொம்ப நாள் ஆசைப்பட்டு பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றைக் செகண்ட் ஹேண்டில் வாங்கினான். கார் பைத்தியங்களுக்கு அந்த வண்டியைத் தெரியும். 1.8 லிட்டர் பெட்ரோல், சிலிண்டருக்கு 5 வால்வு, மொத்தம் 20, கே03 என்ற சின்ன டர்போ. வெளிநாட்டில் 180 குதிரைத்திறனோடு விற்றதை இங்கே 150 ஆகக் குறைத்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் நம் ஊரில் டர்போ வைத்த பெட்ரோல் கார் என்றால் அதுதான். வண்டி கடை வாசலில் நின்றபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஐடிலில், அதாவது சும்மா நின்றபடி, இரண்டு நிமிஷம் ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைத் தொட்டால் குபுக்கென்று நீலப் புகை. டர்போ காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றினால் உள்ளே தேன் மாதிரி ஆயில் வழிந்தது.

"டர்போ போச்சுடா" என்றேன்.

"தெரியும் மாமா, அதான் பெருசாவே மாத்திடலாம்னு" என்று போனை நீட்டினான். காரெட் ஜிடி30 வகை டர்போ ஒன்று, பளபளவென்று, 400 குதிரைத்திறனைத் தாண்டும் சைஸ். பணம் கட்டுகிற பட்டனை அழுத்துவதுதான் பாக்கி.

இங்கேதான் உங்கள் கட்டுரை சொல்லாத கணக்கு வருகிறது. பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும். 1.8 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை மூச்சு இழுக்கும். 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், 3000 மூச்சு, அதாவது 5400 லிட்டர் காற்று. எங்கள் தெருவுக்கு வருகிற மெட்ரோ வாட்டர் லாரியில் சின்னது 6000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு லாரி நிறைய காற்றை ஒரு நிமிடத்தில் அது குடிக்கிறது. சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்று பத்துச் சதவீதம் கழித்துவிட்டு, நம் ஊர்ச் சூட்டில் காற்றின் எடையைப் போட்டால் ஐந்தரைக் கிலோ. நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்றுக்குச் சுமார் 22 குதிரைத்திறன் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்கிற உத்தேசக் கணக்கு. 120 சொச்சம் வருகிறதா? டர்போ இல்லாத இதே 1.8 இன்ஜினுக்குக் கம்பெனி கொடுத்தது 125. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இப்போது 1 பார் பூஸ்ட் கொடுத்தால், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு பங்கு சேர்த்தால், அழுத்தம் இரட்டிப்பு, ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும், சூடானால் எடை குறையும். 35 டிகிரியில் உள்ளே போன காற்று டர்போவை விட்டு வெளியே வரும்போது 130 டிகிரி பக்கம் இருக்கும், நல்ல இன்டர்கூலர் இருந்தால் அதை 60-க்கு இறக்கலாம். எல்லாம் போக நிமிடத்துக்குப் பத்துக் கிலோ, 220 குதிரைத்திறன். அதற்கு மேல் பூஸ்ட் ஏற்றலாம், ஆனால் ஏற்றினால் உள்ளே இருக்கிற பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கேள்வி கேட்கும்.

இதை எழுதிக் காட்டிவிட்டு, "உன் இன்ஜின் பத்துக் கிலோ சாப்பிடுகிற ஆள், நீ இருபது கிலோ சமைக்கிற அண்டா வாங்குகிறாய்" என்றேன். சும்மா இருக்கவில்லை அவன். "பெருசா இருந்தா குறைச்சு ஓட்டிக்கலாமே மாமா." எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. குறைத்து ஓட்ட முடியாது. காற்றை அழுத்துகிற சக்கரம்தான் கம்ப்ரசர், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தம் என்று காட்டுகிற ஒரு மேப் உண்டு, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினது போல வளையம் வளையமாக இருக்கும். நடு வளையத்தில் வேலை செய்தால் காற்று குறைவாகச் சூடாகும். இடது ஓரத்தைத் தாண்டினால் சர்ஜ், அதாவது தள்ளின காற்றே திரும்பி வந்து சக்கரத்தை அறையும், ஷாஃப்ட்டும் அதைத் தாங்குகிற புஷ்ஷும் சீக்கிரம் போகும். வலது ஓரத்தைத் தாண்டினால் எவ்வளவு சுற்றினாலும் காற்று கூடாது, சூடு மட்டும்தான் கூடும். புகை சுற்றவைக்கிற டர்பைன் பக்கமும் இதே கதை. ஹவுசிங் என்கிற கூட்டின் வாய் சின்னதாக இருந்தால் சீக்கிரம் சுற்ற ஆரம்பிக்கும், ஆனால் அதிக ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும். பெரிதாக இருந்தால் அதிக ஆர்பிஎம்மில் தாராளம், குறைந்த ஆர்பிஎம்மில் தூங்கும். ஜிடி30-ஐ 1.8 இன்ஜினில் போட்டால் முழு பூஸ்ட் வருவதற்கு 4000 ஆர்பிஎம் தாண்டிவிடும்.

4000 ஆர்பிஎம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில். முன்னால் ஒரு ட்ரெய்லர், பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ, குறுக்கே ஒரு மாடு. அந்த வண்டி வாழ்நாளில் பாதியை இரண்டாவது கியரில் 2000 ஆர்பிஎம்மில்தான் கழிக்கப்போகிறது, அங்கே இந்த அண்டா டர்போவோடு அது பழைய அம்பாசடரை விட மந்தமாக இருக்கும். என் அபிப்பிராயம், குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்டு டர்போ வாங்கவே கூடாது, எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று கேட்டு வாங்க வேண்டும். கடைசியில் பழைய மேனிஃபோல்டிலேயே (இன்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகிற குழாய்) உட்காரும் கே04 ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கே04-லேயே பெரியது ஒன்று உண்டு, ஆடி டிடி 225 குதிரைத்திறன் மாடலில் வந்தது, ஆனால் அதற்கு மேனிஃபோல்டே வேறு, அந்தக் காரில் இன்டர்கூலரும் இரண்டு. அதையெல்லாம் தேடி அலைவதற்கு அவனுக்கு நேரமும் இல்லை, என் அக்காவுக்குப் பொறுமையும் இல்லை. 200 குதிரைத்திறனைச் சுற்றி வந்தால் போதும் என்று முடிவு.

நடுவில் ஒரு கூத்து. புதுப்பேட்டையில் யாரோ ஒருவர் டீசல் கார் டர்போ ஒன்றைக் கால்வாசி விலைக்குத் தருகிறேன், அடாப்டர் பிளேட் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். புதுப்பேட்டை மீது எனக்கு மரியாதை உண்டு, பாதி மெட்ராஸ் அங்கே கிடைக்கிற சாமானில்தான் ஓடுகிறது. ஆனால் டீசல் புகை சாதாரணமாக 700, 800 டிகிரி, பெட்ரோல் டர்போ வண்டியை அழுத்தி ஓட்டினால் 950-ஐத் தாண்டும். டீசலுக்கென்று வார்த்த ஹவுசிங் அந்தச் சூட்டில் விரிசல் விடும். வேண்டாம் என்றேன்.

சரி, டர்போ வந்தது. பெட்டியைப் பிரித்ததும் நான் செய்வது ஒன்றுதான், கம்ப்ரசர் பக்கம் நட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பேன். அசையவே கூடாது, விரலுக்குத் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். பக்கவாட்டில் லேசாக ஆடும், அது பரவாயில்லை, புஷ் டர்போவில் ஆயில் போனால் அந்த இடைவெளி நிறைந்துவிடும். சக்கரம் ஹவுசிங்கில் உரசாமல் இருந்தால் போதும். இதைத் தெரியாமல் நல்ல டர்போவைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு, கள்ள டர்போவை பூஜை போட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. பெயர், நம்பர், ஹாலோகிராம் எல்லாம் அசலைப் போலவே அடித்து வருகிறது சார் இப்போது. பேலன்ஸ் செய்யும்போது சக்கரத்திலும் நட்டிலும் சுரண்டி எடுத்த சின்னத் தழும்பு இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். வழவழவென்று ஒரு தழும்பும் இல்லாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

உடனே மாட்டிவிடலாம் என்று பையன் துடித்தான். நான் மாட்டவில்லை. பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வியாதியில் சாகும், 28 வருஷத்தில் நான் பார்த்ததில் பாதிக்கு மேல் அந்தக் கேஸ்தான். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுற்றுகிறது. அது புஷ்ஷைத் தொடுவதே இல்லை, மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. ஆயில் சில விநாடி வராவிட்டாலே கதை முடிய ஆரம்பித்துவிடும். அந்த ஆயிலைக் கொண்டுவருகிற பைப் விரல் தடிமன் கூட இல்லை, போகிற வழியெல்லாம் புகைச் சூடு. வண்டியை விரட்டிக்கொண்டு வந்து நிறுத்திய உடனே சாவியைத் திருப்பினால் உள்ளே நின்ற ஆயில் அங்கேயே வெந்து கரியாகும்.

அந்தப் பழைய பைப்பை வைஸில் கட்டி ஹாக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்து அவன் கையில் கொடுத்தேன். உள்ளே தார் ரோடு போட்டது போல கறுப்பாக, கெட்டியாக. நடுவில் மிச்சமிருந்த ஓட்டை பென்சில் முள் போகிற அளவு. அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பை இறக்கினோம். ஆயில் ஸ்ட்ரெய்னர் வலையில் வண்டல் அப்பியிருந்தது, காபி வடிகட்டின துணி மாதிரி. முன்னால் வைத்திருந்தவர் ஆயில் மாற்றுவதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் போல. பைப் புதுசு, ஸ்ட்ரெய்னர் புதுசு, இன்டர்கூலரைக் கழற்றி பெட்ரோல் ஊற்றி மூன்று தடவை அலசினோம். அதில் தேங்கின ஆயிலை அப்படியே விட்டால் புது டர்போ அதை இழுத்து இன்ஜினுக்கு ஊட்டும், புகை நிற்கவே நிற்காது, ஜனங்கள் டர்போவைத் திட்டுவார்கள்.

கழற்றும்போது மேனிஃபோல்டைப் பிடித்திருக்கிற ஸ்டட் (போல்ட்) ஒன்று உடைந்தது. கடல் காற்றில் கிடந்த வண்டி, துரு ஏறிப்போய் மூன்று நாள் ஆயில் ஊறவைத்தும் அசையவில்லை. ட்ரில் போட்டு எடுத்து, இழை வெட்டி, ஒன்றரை நாள் அதிலேயே போனது. உங்கள் கட்டுரையில் ஒரே சனிக்கிழமையில் முடியும் என்று இருந்தது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் அதை நம்ப வேண்டாம்.

மாட்டுவதில் நான் கண்டிப்பாகப் பார்ப்பது ஆயில் திரும்புகிற பைப். உள்ளே வரும் ஆயிலை பம்ப் தள்ளுகிறது, வெளியே போவதை யாரும் தள்ளுவதில்லை, தானாகத்தான் விழ வேண்டும். அதனால் அகலமாக, கூடியவரை செங்குத்தாக, மடிப்பே இல்லாமல் சம்ப்புக்குப் போக வேண்டும். இடம் போதவில்லை என்று ஹோஸை வளைத்துவிட்டால் ஆயில் உள்ளே தேங்கி சீல் வழியாகப் பிதுங்கும். புது டர்போ புகைகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களில் பலருக்கு இதுதான். அப்புறம் ஆயில் பைப் வந்து சேருகிற ஃபிளாஞ்சில் சிலிக்கான் பசை. தயவு செய்து வேண்டாம், கேஸ்கெட் போடுங்கள். பிதுங்கின பசைத் துணுக்கு ஒன்று உள்ளே போய் அந்தச் சின்ன ஓட்டையை அடைத்தால் போதும். ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் புது ஆயிலை ஊற்றிக் கையால் சுற்றிவிட்டோம். ஃபியூவல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கீழ் பைப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டு அடித்தோம். கடைப் பையன் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான், "வருது வருது" என்று கத்தின பிறகுதான் ஃபியூஸ் உள்ளே போனது. முதல் பத்து நிமிஷம் ஐடிலைத் தாண்டி யாரையும் தொடவிடவில்லை.

இத்தனைக்குப் பிறகும் வண்டி ஓட்டத் தயாரில்லை. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், பெரிய இன்ஜெக்டர், நல்ல பம்ப், ஈசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரில் புது மேப் (இது வேறு மேப், எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் கணக்கு). ஐரோப்பாவிலிருந்து யாரோ கொடுத்த மேப்பை இவன் பென் டிரைவில் வைத்திருந்தான். அங்கே 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதுவார்கள், நம் பங்கில் சாதாரணமாக ஊற்றுவதில் ஆக்டேன் அதைவிடக் குறைவு. அந்த மேப்பை இங்கே மே மாத வெயிலில் போட்டால் நாக்கிங்கில், அதாவது பெட்ரோல் கண்டபடி தானாக வெடிப்பதில், பிஸ்டன் ஓரம் கடித்துக்கொண்டு போகும். இன்னொன்று, இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். நாக்கிங்குக்கு எத்தனால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோவே போதும், அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் ஊற்ற வேண்டும். பழைய பெட்ரோலுக்கு எழுதின மேப்பில் கலவை மெலிந்துவிடும், டர்போ வண்டியில் மெலிந்த கலவை என்றால் சூடு. அதனால் நம் பெட்ரோல், நம் வெயிலை வைத்து இங்கேயே மேப் செய்யச் சொல்லி, கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்ட் சட்டென்று ஏறாமல் மெதுவாக ஏறும்படி கேட்டு வாங்கினோம், கீழே ஒரேயடியாக வருகிற இழுவையில்தான் ராட் வளையும். இதற்கெல்லாம் ஆன செலவு டர்போ விலையை விட அதிகம். கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது தனிக் கதை.

கடைசியாகச் சட்டம். இதை நீங்கள் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தில் அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று சேர்த்திருக்கிறார்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பானட்டைத்தான் திறந்து பார்ப்பான். "டிராக்குக்கு மட்டும்தான் மாமா" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். எண்பதுகளில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தபோது சைக்கிளில் போய்ப் பார்த்தவன் நான், டிராக் ஆசை எனக்குப் புரியாததல்ல. ஆனால் இப்போது டிராக் இருங்காட்டுக்கோட்டையில், "அதுவரைக்கும் வண்டி பறந்தா போகும்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் தூக்கிக்கொண்டு போகிற வண்டிக்குச் சொல்லி வைத்தான். தினமும் வேலைக்கு மெட்ரோவில் போகிறான்.

உங்கள் கட்டுரைக்குக் கீழே 'அடுத்த வாரம் தொடரும்' என்று போட்டிருந்தீர்கள். அந்த அறுத்த பைப் இன்னும் என் கடை மேஜையில்தான் கிடக்கிறது, பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன். உங்கள் போட்டோகிராபரை அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம், மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மட்டும் சாப்பாட்டுக்கு மூடியிருக்கும்.

இப்படிக்கு,
டர்போ ரீகண்டிஷன் கடைக்காரன்,
தண்டையார்பேட்டை, சென்னை-81